சாட்சி சொன்ன புழு

வரப்போரத்து வரிசையைப் பார்த்தாலே தஃபஜ்ஜலுக்குப் பற்றிக்கொண்டு வரும். தோட்டம் முழுக்கப் புழு அண்டாத மரபணு மாற்றுக் கத்திரி. சுற்றிலும் ஒரு வரிசை மட்டும் பழைய நாட்டு விதை, அதுவும் புழுக்களுக்கென்றே, மருந்தடிக்காமல்! அப்படித்தான் விடச் சொல்லியிருந்தார் விவசாய அதிகாரி.

"பாடுபடுறது நான், திங்கிறது புழுவா? பிடுங்கி எறிஞ்சிட்டு மிளகாய் வைக்கிறேன்" என்றான்.

"பிடுங்கித்தான் பாருங்களேன்" என்றாள் மனைவி ஜொரினா. "அதுக்குன்னு ஒரு இடம் இல்லேன்னா, கொஞ்ச வருஷத்துல புதுச் செடியையும் திங்கப் பழகிடும்னு அந்த ஆள் தலைதலையா அடிச்சுக்கிட்டாரே. அப்புறம் பழையபடி விஷமும் கையுமா அலைய வேண்டியதுதான். முதல்ல இருக்கிற காயை வித்துட்டு வாங்க. இன்னொரு தடவை கத்திரிக்காயோட திரும்பினீங்க, அடுப்பு எரியாது, சொல்லிட்டேன்."

வீட்டில் மூன்று வேளையும் கத்திரிக்காய்தான். விற்றால்தானே! சந்தையில் பளபளத்த காயைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள்.

"ஓட்டையே காணோமே, எத்தனை தடவை மருந்தடிச்சே?"

"அல்லா மேல ஆணையா ஒரு தடவைகூட இல்ல!"

"அப்ப புழு எங்க போச்சு, ஹஜ்ஜுக்கா?"

அடுத்த சந்தையன்று கூடைக்குப் பின்னால் குனிந்து, கருவேல முள்ளால் காய்க்கொரு ஓட்டை போட்டான் தஃபஜ்ஜல். வாத்தியார் மனைவி மோமேனா சாச்சி, ஊருக்கே சின்னம்மா, ஒன்றை எடுத்துப் பார்த்தாள். ஓட்டை இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் நேராக வெளியே வந்திருந்தது.

"ஏன்டா மியா, உன் புழு என்ன, ஸ்கேல் வச்சுக் கோடு போட்டுட்டா தின்னுச்சு?"

மீன்காரன் முதற்கொண்டு சிரித்தான். மானம் கப்பலேறியது. கூடையோடு திரும்பியவனிடம் கதையைக் கேட்டு, ஜொரினா விழுந்து விழுந்து சிரித்தாள். மறுசந்தைக்கு வரப்போரத்துக் காய்கள் நாலைப் பறித்துக் கூடையின் மேலே வைத்து அனுப்பினாள்.

"இன்னிக்கு என்ன, காம்பஸா?" என்றபடி வந்தாள் சாச்சி.

தஃபஜ்ஜல் ஓரத்துக் காய் ஒன்றைப் பிளந்தான். கொழுத்த புழு ஒன்று நெளிந்து அவள் உள்ளங்கையில் விழுந்தது.

"அய்யய்யோ! உசுரோட இருக்கே!"

"மருந்தடிச்சிருந்தா இருக்குமா சாச்சி? புழுக் காயும் நல்ல காயும் ஒரே தோட்டம்தான்."

சாச்சி புழுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லாத்தான் வளர்த்திருக்கே" என்றுவிட்டு, ஓட்டையில்லாத காயாகப் பொறுக்கிப் பையை நிரப்பினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் மொய்த்தார்கள். வெயில் ஏறுமுன் கூடை காலி.

சாயங்காலம் வரப்பிலிருந்து ஒரே கூச்சல். ஜொரினா கரண்டியோடு ஓடினாள்.

"மிளகாய்க்கு இடம் பண்றீங்களா?"

"அடியே, முதல்ல உன் கோழியைப் பிடிச்சுக் கட்டு! என் சாட்சியையெல்லாம் கொத்தித் திங்குது!"