கதவு எந்தப் பக்கம்

கோதண்டத்துக்குக் கை சும்மா இருக்காது. எண்ணூர் குப்பத்து வீட்டை அண்ணன்காரனுக்கு விட்டுவிட்டு, வள்ளூரில் அனல்மின் நிலையத்துக்குப் பின்னாடி இந்த மனையை வாங்கின நாளிலிருந்து மனுஷன் எதையாவது கட்டிக்கினேதான் இருக்கிறான். ஹார்பரில் கான்ட்ராக்ட் வேலை முடிந்து வந்ததும் கடப்பாரையைத் தூக்கிவிடுவான். முதலில் ஆட்டுக் கொட்டாய். அப்புறம் விரால் வளர்க்கிறேன் என்று ஒரு குட்டை. சாம்பல் விழுந்து விழுந்து தண்ணி கஞ்சி மாதிரி ஆகி, மீனெல்லாம் மல்லாந்தது. அப்புறம் பந்தயப் புறாவுக்குக் கூண்டு. அதுக்கு ஷீட்டு கூரை, தனித்தனி அறை, அறைக்கு அறை கதவு, கதவுக்குக் கதவு கொக்கி. புறாவுக்கு இருந்த மரியாதையைப் பார்க்கணுமே!

அவன் பெண்டாட்டி நர்மதாவுக்குத்தான் சாத்திக்கொள்ள ஒரு கதவு இல்லை. பஞ்சாயத்தில் கட்டிக்கொடுத்த கக்கூஸ், ஒரு ஆள் குந்தத்தான் காணும். குளிப்பதென்றால் அடிபம்புப் பக்கத்தில் நாலு கழி நட்டு, மாமனார் செத்தபோது அடித்த கண்ணீர் அஞ்சலி பேனரைச் சுற்றிக் கட்டின மறைப்புதான். மாமனார் மூஞ்சி உள்பக்கம் இருந்தால் கூச்சமாக இருக்கிறது என்று அவளே அதை வெளிப்பக்கம் திருப்பிக் கட்டினாள். ரோட்டில் போகிற சாம்பல் லாரிக்காரனெல்லாம் பெரியவரைப் பார்த்துக்கினே போவான். காற்றடித்தால் பேனர் தூக்கும். மாசத்தில் அந்த நாட்களில் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். "யோவ், ஒரு பாத்ரூம் கட்டித் தாயேன்" என்று கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்துவிட்டது. "கட்டலாம், இரு" என்பான். இருந்தாள்.

மகன் உதயாவுக்குக் காசிமேட்டில் பெண் பேசி முடித்த கையோடு, வீட்டுப் பின்சுவரை ஒட்டிக் கோதண்டம் பள்ளம் தோண்ட ஆரம்பித்தான்.

"இன்னாயா இது?"

"பாத்ரூம்."

அந்த ஒரு சொல்லில் அவளுக்கு வயிறு குளிர்ந்துபோனது. கல்யாண வேலைக்கு நடுவிலும் நம்மை நினைத்தானே பாவி என்று நினைத்துக்கொண்டாள். மேலே ஒன்றும் கேட்கவில்லை, கேட்டால் கண்ணு பட்டுடும் என்று பயம். கல் தூக்கினாள், மணல் சலித்தாள். அஸ்திவாரம் தரைக்கு மேலே வந்ததும் காலையும் சாயங்காலமும் குடம் குடமாகத் தண்ணி ஊற்றினாள். மேஸ்திரி பெனிட்டோவைத் தனியாகக் கூப்பிட்டு, "சோப்பு வெக்க ஒரு மாடம் வுட்ருப்பா" என்று வெட்கப்பட்டுக்கொண்டே சொல்லியும் வைத்தாள்.

சுவர் எழுப்புகிற அன்றைக்கு பெனிட்டோ கயிறு பிடித்துக்கொண்டு கேட்டான்: "கதவு எந்தப் பக்கம்ணா?"

நர்மதா பம்புப் பக்கம் கையைக் காட்டினாள். கோதண்டம் வீட்டுச் சுவரைத் தட்டினான்.

"இத்த ஒடைச்சு இங்க வெய்யி. உதயா ரூமுக்குள்ள வரணும். அட்டாச்."

"அங்க எதுக்குயா?" என்றாள் நர்மதா.

"பொண்ணு வூட்ல கேட்டாங்க. அட்டாச் இல்லாத வூட்டுக்கு வினிதாவ அனுப்ப மாட்டாங்களாம்."

"அப்ப நானு?"

"உனுக்கு இன்னா? உனுக்குத்தான் அது பழகிடுச்சே."

கேட்டுக்கொண்டிருந்த பெனிட்டோவுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "வெளிய பாத்தாப்பல இன்னொரு கதவு வெச்சிடலாம்ணா. பெரிய வேலயில்ல."

"ரெண்டு கதவு வெக்க இது இன்னா பஸ் ஸ்டாண்டா?"

புதுசாகக் கல்யாணம் ஆனதுகளின் கட்டிலைத் தாண்டிப் போய் எந்த மாமியார் குளிப்பாள்? நர்மதா நேராக மகனிடம் போனாள். அவன் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "இத்தப் போயி பேஜாரு பண்ணாதம்மா. அவங்க கேட்டாங்க, நாம கட்றோம்" என்றான். அவனுக்கு முதலிலேயே தெரியும். எல்லாருக்கும் தெரியும், கல் தூக்கினவளுக்கு மட்டும்தான் தெரியாது. அவளுக்கு வயிறு எரிந்தது. எரிந்தாலும் சுவருக்குத் தண்ணி ஊற்றுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் விரிசல் விடும், அப்புறம் அதுக்கும் அவள்தான் பேச்சு வாங்கவேண்டும்.

எல்லாம் முடிந்து டைல்ஸும் ஒட்டியானதும் வினிதாவின் அம்மா அங்கம்மா வீட்டைப் பார்க்க வந்தாள். வஞ்சிரம் ஒரு கூடை கொண்டுவந்திருந்தாள். நல்ல மனுஷி. பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்தாள், தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள், மாடத்தைத் தடவினாள். முகமெல்லாம் சிரிப்பு. காபி குடித்துக்கொண்டே நர்மதாவிடம் சட்டென்று கேட்டாள்.

"ஆமா சம்மந்தி, இது புள்ளைங்க ரூமுக்குள்ளல்ல கீது? நீங்க எங்க குளிப்பீங்க?"

கோதண்டம் ஜன்னலைப் பார்த்தான். உதயா அம்மாவைப் பார்த்தான். இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் கேட்டது இவள் ஒருத்திதான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கம் காட்டினால் போதும். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் மகன் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்தாள். காட்டினால் அவனுக்கல்லவா தலைகுனிவு. பெற்ற வயிறு கேட்கவில்லை.

"எனக்குத் தனியா கீது சம்மந்தி. பின்னாடி."

"அப்பாடா. நான்கூட இன்னாடா இதுன்னு நெனச்சேன்," என்று அங்கம்மா நிம்மதியாக டம்ளரைக் கீழே வைத்தாள்.

கோதண்டத்துக்கு உயிர் வந்தது, கூடவே வாயும் வந்தது. "அவளுக்கு இன்னா சம்மந்தி. நல்லா காத்தோட்டமா கீது."

உதயா சிரித்துவிட்டான். அடக்கப் பார்த்தும் முடியாமல், குனிந்து, தோள் குலுங்கச் சிரித்தான். விவரம் புரியாமல் அங்கம்மாவும் சேர்ந்து சிரித்தாள்.

புருஷன் சொன்னதுகூட நர்மதாவுக்குப் பெரிசாகத் தெரியவில்லை. அவன் அப்படித்தான். அவள் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மகன் பக்கம் திரும்பவேயில்லை.