விட்டுப்போன கண்ணி

மாவுக் கிடங்கில் பதினோரு வருடம் சாக்குத் தைத்தவள் அவள். இனியும் அந்தத் தூசியில் நின்றால் நுரையீரல் மிஞ்சாது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். நாத்தனார் தான் வேலை பார்க்கும் புத்தக பைண்டிங் கடை மேஸ்திரியிடம் கெஞ்சிக் கூத்தாடி மூன்று நாள் கெடு வாங்கித் தந்தாள். மூன்றாம் நாள் மதியத்துக்குள் ஒரு புத்தகத்தைத் தைத்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் மறுபடி கிடங்குதான்.

எட்டு ஃபாரம். ஃபாரம் என்றால் பதினாறு பக்கமாக மடித்த தாள். மடிப்புக்குள் ஊசியை விட்டு எடுத்து, ஓரத்துக்கு வந்ததும் கீழே இருக்கும் ஃபாரத்தோடு ஒரு கண்ணி போட்டுப் பிணைக்க வேண்டும். முதல் நாள் சாக்கு நினைப்பிலேயே நூலை மேலே சுண்டி இழுத்தாள். மடிப்பு பிளந்துகொண்டு வந்தது.

“அண்ணி, உங்க வீரத்தை எங்க அண்ணன்கிட்ட காட்டுங்க. நூலைப் படுக்க வச்சு இழுங்க” என்றாள் நாத்தனார்.

மூன்றாம் நாள் கிழியவில்லை. ஆறாவது ஃபாரம் முடிந்ததும் புத்தகத்தின் முதுகைத் தடவிப் பார்த்தாள். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே நகம் உள்ளே இறங்கியது. ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தது. நாத்தனாரும் எட்டிப் பார்த்தாள்.

“பசை தடவினா மூடிக்கும். பேசாம மேல தைங்க. மணி பன்னெண்டாச்சு.”

“பிரிச்சா நேரம் பத்தாதுடி.”

“அதைத்தான் நானும் சொல்றேன்!”

நேரம் பத்தாது என்று சொல்லிவிட்டாளே தவிர, அவள் கை கேட்கவில்லை. ஒரு தையல் விட்ட மூட்டை சுமப்பவன் கழுத்தில் எப்படிக் கொட்டும் என்று பார்த்த கை. மேலே இருந்த மூன்றையும் பிரித்தாள். திரும்ப இரண்டைத் தைப்பதற்குள் மேஸ்திரி வந்து நின்றார்.

“மிச்சம் மூணு எங்கம்மா?”

“ஒரு கண்ணி விட்டுப்போச்சுங்க. பிரிச்சுட்டேன்.”

அவர் தைத்த ஐந்தையும் விரித்தார், முறுக்கினார், இடையிடையே நகத்தை விட்டுப் பார்த்தார். எங்கும் இறங்கவில்லை.

“இங்க புதுசா வர்றவங்க மறைச்சுப் பசை தடவிடுவாங்க. ஒரு மாசத்துல தாள் உதிரும், ஏச்சு எனக்கு. மிச்சத்தையும் தச்சுட்டுச் சாப்பிடப் போ. நாளையிலிருந்து எட்டரைக்கு வந்துடு.”

அவர் போய்விட்டார். அவள் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். மூன்று தடவையும் ஊசிக் காது தப்பியது.

“கொஞ்சம் கோத்துக் குடுடி.”

“வேலை கிடைச்சு அஞ்சு நிமிஷம் ஆகலை, அதுக்குள்ள ஏவலைப் பாரு!”

இருவரும் சிரித்த சிரிப்பில் பசைச் சட்டி உருண்டது.