பதிலுக்கு நிற்பவன்

1

இந்தக் கதையைக் கொள்முதல் செய்த இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சந்தைக்காரி வயிற்றில் பிறந்தவன், சரக்கின் ஊரை மறைக்கமாட்டேன். போன வாரம் உச்சிவெயிலில், கசால் மலையில், எங்கள் வீட்டுப் படலுக்கு வெளியே ஒரு குரல். ஹைட்டியில் வருகிறவர் வெளியே நின்று "கௌரவம்" என்பார். உள்ளிருப்பவர் "மரியாதை" என்ற பிறகே கால் வைப்பார். இந்தக் குரல் சொன்னது எங்கள் மொழி இல்லை. ஆனால் சொல்லிவிட்டுக் காத்திருந்தது. எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. நாய் மட்டும் வாலாட்டியது.

2

தொடக்கம்: அடிமைகளின் கலகத்தை அடக்கப் பிரெஞ்சுக்காரர்கள் போலந்துச் சிப்பாய்களைக் கப்பலேற்றியபோது

(விட்டுவிட்டேன். கரை சேர்வதற்குள் வாசகர் இறங்கிவிடுவார்.)

மறுபடி: இருநூறு வருஷத்துக்கு முன், இதே கசாலில், பெலிசித்தே துவரை உரித்துக்கொண்டிருந்தாள். கலகம் வரைக்கும் அடிமை. அவள் புருஷனைச் சுட்டுக் கொன்றவர்கள் பிரெஞ்சுப் படையின் நீலச் சட்டைக்காரர்கள். இப்போது படலுக்கு வெளியே அதே நீலச் சட்டையில் பிளாஷெய் என்ற போலந்துக்காரன், படையைவிட்டு ஓடிவந்தவன். துரத்துகிறவர்கள் அடுத்த மேட்டில். பிரெஞ்சுக்காரன் என்றால் படலை உதைத்திருப்பான். இவன் தன் ஊர் வழக்கப்படி கடவுள் பேரைச் சொல்லிவிட்டு, உள்ளிருந்து பதில் வரட்டும் என்று நின்றான்.

பெலிசித்தே வெட்டுக்கத்தியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

3

அடுக்களையில் துவரை உரித்துக்கொண்டிருந்த தங்கை இலானிஸுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அவ புருசனைச் சுட்டது இவனாண்ணே?"

"இன்னும் முடிவு பண்ணல."

"நீ முடிவு பண்ற வரைக்கும் அவன் வெயில்ல நிக்கணுமாக்கும். மீன் விக்க வந்தவளைக்கூட அம்மா இப்படிக் காயவிட்டதில்ல."

(எங்கள் இருவருக்கும் சாம்பல் நிறக் கண். கசாலில் பலருக்கும் அப்படித்தான். எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஊரே படலுக்கு வெளியே, அந்தப் போலந்துக்காரன் நின்ற இடத்தைக் கைகாட்டும்.)

4

முடிவு ஒன்று: பெலிசித்தே பதில் சொல்லவில்லை.

இதை எழுதியதும் உரிக்கும் சத்தம் நின்றது. போய்ப் பார்த்தேன். முறத்தில் துவரை பாதி உரித்தபடி, மணை காலி. ஓடிவந்து வரியை அடித்துவிட்டு மறுபடி போனேன்; மணையில் இலானிஸ்.

"என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி பாக்குறே?" என்றாள், உரித்தபடியே.

முடிவு இரண்டு: பெலிசித்தே "மரியா

எங்கள் பின்கதவு மெல்லத் திறந்தது. கூப்பிடாமல் உள்ளே வரும் உரிமை வீட்டுக்காரனுக்கு மட்டும்தான். பெலிசித்தேயின் வீட்டுக்காரனைத்தான் சுட்டுவிட்டார்களே. பேனாவை வைத்துவிட்டேன். கதவு அப்படியே பாதியில் நிற்கிறது.

5

பேரத்தில் ஒருவர் வாயை மூடிக்கொண்டால் மற்றவர்தான் பேசவேண்டும். நான் மூடிக்கொள்கிறேன்.

வெளியே அவன் மறுபடி கூப்பிடுகிறான். புரியாத மொழிதான். ஆனால் எதற்குக் காத்திருக்கிறான் என்று உங்களுக்குத் தெரியும்; படலுக்கு உள்ளே இப்போது இருப்பது நீங்கள்.