நாற்பத்தேழாம் கதவின் சாவிப் பக்கம்

மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு கதவுகள். எந்தக் கதவுக்கு என்ன கீல், என்ன கைப்பிடி, எந்தப் பூட்டு, சாவி எந்தப் பக்கம் என்று முப்பத்தெட்டுப் பக்கத்துக்கு லிஸ்ட் போட்டவள் அவள். வேலையிடத்தில் எல்லோரும் அவளை 'லிஸ்ட் மேடம்' என்று கூப்பிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு பெயர்களும் இருந்தன. அது அவளுக்குத் தெரியும், கவலைப்பட்டதில்லை.

லிஸ்டின் முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு வரி: 'இதில் உள்ளபடியே மாட்டவும். சொந்த யோசனை வேண்டாம்.'

அந்த வரிக்குக் காரணகர்த்தா அவளுடைய சொந்தத் தம்பிதான். பூட்டு மாட்டுவதில் கெட்டிக்காரன். ஸ்க்ரூடிரைவரைக் காதில் செருகிக்கொண்டு திரிவான். போன கட்டடத்தில், லிஸ்டைப் பார்க்காமல் தன் மூளையை நம்பிப் பதினொரு கதவுகளுக்குப் பூட்டைத் தலைகீழாக மாட்டிவைத்தான். அன்றைக்கு முதலாளியிடம் அவள் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. அதிலிருந்து தம்பியாவது, தூசியாவது. லிஸ்ட் என்றால் லிஸ்ட்தான்.

இந்தக் கட்டடம் பழைய பத்திரங்களையும் கோப்புகளையும் பாதுகாத்து வைப்பதற்கானது. மூன்றாவது மாடியில் நாற்பத்தேழாம் எண் கதவு போட்ட அறையில் தண்ணீர் ஊற்றி நெருப்பை அணைக்க முடியாது, காகிதம் நாசமாகிவிடும். அதனால் கூரையில் வாயுக்குழாய் வைத்திருந்தார்கள். மணி அடிக்கும், கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், முப்பதாவது விநாடியில் வாயு பாய்ந்து அறையிலிருக்கும் காற்றை விரட்டிவிடும். நெருப்பும் அணையும். மனிதன் உள்ளே இருந்தால் அவன் கதியும் அதேதான். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நிஜ வாயுவையே விட்டுச் சோதனை செய்வதாக ஏற்பாடு.

அன்று காலை பத்தே முக்காலுக்கு, முற்றத்துத் தகரக் கொட்டகை அலுவலகத்தில், சாவிகளை ஒப்படைப்பதற்காக லிஸ்டையும் வரைபடத்தையும் ஒத்துப்பார்த்துக்கொண்டிருந்தவளின் விரல் நாற்பத்தேழில் வந்து நின்றது.

முதல் வரைபடத்தில் அந்த அறை நடைபாதைக்குக் கிழக்கே இருந்தது. ஆகவே 'சாவி மேற்குப் பக்கம்' என்று எழுதினாள். மேற்கே நடைபாதை, வெளியிலிருந்து வர சாவி வேண்டும், உள்ளேயிருந்து சும்மா திருப்பினாலே திறக்கும். பிறகு வரைபடத்தை மாற்றி, அறையை நடைபாதைக்கு மேற்கே கொண்டுபோனார்கள். கதவு எண் மாறவில்லை. அவள் எழுதிய வரியும் மாறவில்லை. இப்போது மேற்கே இருப்பது அறையின் உட்புறம். உள்ளே மாட்டிக்கொண்டவன் சாவி இல்லாமல் வெளியே வர முடியாது.

செவ்வாய்க்கிழமை தம்பி போன் பண்ணியது நினைவுக்கு வந்தது.

"அக்கா, இந்த நாற்பத்தேழு கொஞ்சம் இடிக்குதே."

"லிஸ்ட்ல என்ன இருக்கு?"

"மேற்குன்னுதான் இருக்கு. ஆனா..."

"அப்ப மேற்கு. உன் ஆனாவைத் தூக்கி ஓரமா வை."

"சரிங்க மேடம்."

அன்றிலிருந்து அவன் அவளை அக்கா என்று கூப்பிடவில்லை.

சொல்வதற்கு வெட்கம்தான், ஆனால் அவள் முதலில் நினைத்தது யாருடைய உயிரையும் பற்றி அல்ல. சோதனை நேரத்தில் உள்ளே யாரும் இருக்கமாட்டார்கள், மத்தியானம் தம்பியை விட்டுச் சத்தமில்லாமல் திருப்பச் சொல்லலாம், ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது என்று கணக்குப் போட்டாள். அப்படியே பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள்.

சூப்பர்வைசர் தண்ணீர் குடிக்க வந்தார்.

"எங்க மேடம் உங்க தம்பி மாதிரி ஆளு கிடைப்பான்? நாற்பத்தேழு கதவு சாத்தும்போது கிரீச்சுங்குதாம். ஸ்டூலைத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டான்."

"எப்ப?"

"இப்பதான். அஞ்சு நிமிஷம் இருக்கும்."

"வாயுக்காரர் அறையைப் பார்த்துட்டாரா?"

"அவர் பத்தரைக்கே பார்த்துட்டு, வாயுவைத் திறந்துவிடக் கீழ்த்தளத்துக்குப் போயிட்டார்."

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு இரண்டும் சேர்ந்தே ஓடின. "கீழ போய் நிறுத்துங்க! அந்தக் கதவு உள்ளேருந்து திறக்காது! நான்தான் தப்பா எழுதிட்டேன்!" என்று கத்திக்கொண்டே கொட்டகையை விட்டுப் பாய்ந்தாள். சூப்பர்வைசர் டம்ளரைக் கீழே போட்டுவிட்டுக் கீழ்த்தளத்தை நோக்கி ஓடினார். ஓடிப் பழக்கமில்லாத உடம்பு அவருக்கு.

படியேறிக்கொண்டே தம்பிக்கு போன் போட்டாள். மணி போனது, எடுக்கவில்லை. கோபத்தில் எடுக்காமல் இருக்கிறானா, கேட்கவில்லையா என்று தெரியவில்லை. எடுடா, எடுத்துத் திட்டவாவது செய்டா என்று கெஞ்சினாள்.

ஒரே ஒரு ஆறுதல். அவள் தப்பாக எழுதியபடியே பூட்டு மாட்டப்பட்டிருந்தால், நடைபாதைப் பக்கம் சாவியே வேண்டாம். போய்ச் சேர்ந்தால் போதும், திறந்துவிடலாம்.

மூன்றாவது மாடிப் படிக்கட்டுக் கதவு அவளை நிறுத்தியது. முப்பத்தொன்பதாம் எண். படிப் பக்கத்திலிருந்து அட்டை காட்டாமல் திறக்காது. கண்டவனும் மேலே ஏறி வரக்கூடாது, இந்தப் பூட்டுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று வாங்கிப்போட்டவள் அவளேதான். அவளுடைய அட்டையை இன்னும் யாரும் பதிவு செய்யவில்லை. இரண்டு கையாலும் கதவை அறைந்தாள்.

"யாராவது இருக்கீங்களா? திறங்க!"

அந்த நேரம் பார்த்து மணி அடிக்க ஆரம்பித்தது. மணி பதினொன்று.

அந்தப் பக்கம் வர்ணம் பூசிக்கொண்டிருந்த பெண்மணி கதவைத் திறந்து, "என்னம்மா, வீட்ல தீப்பிடிச்ச மாதிரி..." என்று ஆரம்பித்தாள். அவளை இடித்துக்கொண்டு ஓடினாள். நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. ஒவ்வொரு கதவின் கீலும் கைப்பிடியும் அவளுக்கு மனப்பாடம். விநாடிகளும் கூடவே ஓடின. பன்னிரண்டா, பதினைந்தா? எண்ணிக்கை தவறிவிட்டது.

நாற்பத்தேழு இறுகச் சாத்திக் கிடந்தது.

கைப்பிடியைப் பிடித்து அழுத்தினாள். அசையவில்லை. உடம்பின் எடையையெல்லாம் போட்டுத் தொங்கினாள். கல்லாக நின்றது. கைப்பிடிக்குக் கீழே, பளபளவென்று ஒரு சாவித் துளை.

இந்தப் பக்கம் சாவித் துளை இருக்கவே கூடாதே என்று மூளையின் ஏதோ ஒரு மூலை சொன்னது. மற்ற மூலைகள் கேட்கிற நிலையில் இல்லை. "தம்பி! டேய் தம்பி!" என்று கதவைக் குத்தினாள். சின்ன வயதில் அவன் கிணற்றடியில் வழுக்கி விழுந்தபோது அவள் கத்திய அதே குரல் வந்தது.

கதவு திறந்து அவள் தோளில் இடித்தது. ஸ்டூலைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு காதைப் பொத்தியபடி தம்பி வெளியே வந்தான். கதவு அவன் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. கிரீச் சத்தம் துளிகூட இல்லை. நாலைந்து விநாடி கழித்து உள்ளே வாயு சீறிப் பாய்ந்த அதிர்வில் சுவரே நடுங்கியது.

அவள் அவன் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு அதே கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள்.

"எப்படிடா வந்தே?"

"கைப்பிடியைத் திருப்பினேன், வந்தேன். எல்லாரும் அப்படித்தானே வருவாங்க?"

"லிஸ்ட்படி இது உள்ளேருந்து திறக்கக்கூடாது."

"லிஸ்ட்படிதான் மாட்டினேன். 'லிஸ்ட்படி மாட்டியாச்சு'ன்னு கையெழுத்தும் போட்டேன். அன்னைக்குச் சாயங்காலம் நீ வீட்டுக்குப் போனதும் கழட்டித் திருப்பிட்டேன்."

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. செவ்வாய்க்கிழமை."

கீழேயிருந்து சூப்பர்வைசர் மூச்சிரைக்க அவள் பெயரைச் சொல்லிக் கத்துவது கேட்டது. அவள் சுவரில் சாய்ந்தாள். இத்தனை ஓட்டத்திலும் லிஸ்ட் கக்கத்திலேயே இருந்திருக்கிறது. அதை எடுத்துப் பிரித்து, பேனா மூடியைப் பல்லால் கழற்றினாள்.

"வேற எந்தக் கதவையெல்லாம் திருப்பினே?"

"இது ஒண்ணுதான். இது உயிர்ப் பிரச்சினை, அதான்."

"தப்புன்னு தெரிஞ்சும், சொன்னா நான் கத்துவேன்னு அப்படியே விட்டது எத்தனை?"

கிண்டல் செய்கிறாளா என்று அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு தோளிலிருந்த ஸ்டூலை இறக்கி, சட்டையால் துடைத்து, அவள் முன்னால் போட்டான்.

"உட்காருக்கா," என்றான். "கொஞ்சம் நேரமாகும்."