பசும்பால் குடித்த பன்றிக்குட்டிகள்

அப்பாவின் தாடையைத் துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள் மகள். கால்நடை டாக்டர் வாசலில் வந்து நின்றதும் அவள் விரல்கள் முடிச்சுப் போடாமல் அப்படியே நின்றுபோயின. பன்றிகளையெல்லாம் கொன்று புதைக்கும் உத்தரவோடுதான் வருவார் என்று நேற்றுப் படுக்கப்போகும்வரை அப்பா புலம்பிக்கொண்டிருந்தார். விடிவதற்குள் நெஞ்சு நின்றுவிட்டது.

டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அப்பாவைக் கும்பிட்டார். பிறகு அம்மாவின் அருகில் உட்கார்ந்தார்.

“கொல்ல வேண்டாம்மா. நாம பயந்த பன்றிக் காய்ச்சல் இல்ல இது. மாட்டுக்கு வர்ற கழிச்சல் வைரஸ். ரெண்டும் பங்காளிங்க மாதிரி. முதல் ரத்தப் பரிசோதனையில ஆள் மாறிக் காட்டிருச்சு.”

“மாட்டு நோவு பன்னிக்கு எப்படிங்க?”

“குட்டிங்களுக்கு என்ன குடுத்தீங்க?”

“பச்சைப் பசும்பாலுதாங்க,” என்றாள் அம்மா. ஈன்ற மறுநாளே தாய்ப்பன்றி செத்து, குட்டிகள் பாலுக்கு அலறியபோது, பால்காரர்தான் தினமும் கறந்த பாலைச் சும்மா கொண்டுவந்து கொடுத்தார். “என் பன்னிங்களுக்குப் பசும்பாலு, எனக்குத்தான் பால் இல்லாத காப்பி” என்று அப்பா ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தார்.

“இனிமே காய்ச்சாத பால் வேண்டாம். பால்மாவு கொண்டாந்திருக்கேன். மாட்டுக்கொட்டகைச் செருப்போட யாரையும் பன்றிக் கொட்டிலுக்குள்ள விடாதீங்க,” என்றார் டாக்டர்.

ஜன்னலுக்கு வெளியே பால்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். உள்ளே வரவில்லை.

“கன்னுக்குட்டி கழிஞ்சுக்கிட்டுத்தான் கிடந்துச்சு, தங்கச்சி. பன்னிக்கு எங்க ஒட்டப்போகுதுன்னு நெனச்சுட்டேன்.”

“போதும்ண்ணே. ரெண்டு குட்டி போச்சு, ஆறு நிக்குதே, அது யாரு பால்ல? உங்க மச்சான் நேத்துகூட உங்களைத்தான் பேசினாரு.”

“என்னன்னு?”

“அவன் இல்லேன்னா ஒண்ணுகூட மிஞ்சியிருக்காதுன்னு. அவன் தண்ணி கலக்காம ஊத்தினது என் பன்னிக்கு மட்டும்தான்னும் சொன்னாரு. உள்ள வந்து மொகத்தப் பாருங்க.”

பால்காரர் சிரிக்கப்போய் அழுதுவிட்டார்.

தூக்குவதற்கு ஆட்கள் வந்த நேரம் பார்த்துக் கொட்டிலில் குட்டிகள் பசியில் கத்தத் தொடங்கின. மகள் அந்தப் பக்கம் திரும்பினாள்.

“நீ அப்பாகூடப் போம்மா. இதுங்களை நான் பாத்துக்கறேன்,” என்ற பால்காரர் உடனே குரலை இறக்கினார். “என்னை நம்பி விடுவியா?”

அவள் உள்ளே போய் அப்பாவின் ரப்பர் பூட்ஸை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

“கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு இதை மாட்டிக்கங்க மாமா. மாவை வெதுவெதுப்பா கரைக்கணும்.”

அப்பாவைத் தூக்கியபோது குட்டிகளின் அலறல் தெருவரைக்கும் கேட்டது. தெருமுனை திரும்புவதற்குள் அது ஒவ்வொரு குரலாக அடங்கியது.