பீஹாவில் எடுத்த படம்

என் அப்பா தியாகலிங்கம் ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் யாழ்ப்பாணத்தில் செத்துப்போனார். எனக்கு அது திங்கட்கிழமை இரவுதான் தெரிந்தது. இடையில் நான் நியூசிலாந்தில் பீஹா கடற்கரையில் கோழி சுட்டுச் சாப்பிட்டேன், கிரிக்கெட் விளையாடினேன், அலை அடித்து விழுந்து விழுந்து சிரித்தேன்.

எங்கள் சனத்திடம் ஒரு பழக்கம் உண்டு. சாவுச் செய்தியை உரியவனிடம் நேரே சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவரைப் பிடித்து, 'ஆளைச் சாப்பிட வைச்சிட்டுப் பக்குவமாச் சொல்லுங்கோ' என்பார்கள். என் தம்பி விதுஷனும் அப்படித்தான் செய்தான். சனிக்கிழமை பகல், இரவு வேலை முடிந்து நான் தூங்கிக்கொண்டிருந்தபோது, என் மனைவி பிரசாந்தியின் போனுக்கு எடுத்தான்.

அது ஒக்டோபரில் வரும் லேபர் டே நீள்விடுமுறை. எங்களோடு பழகும் ஆனந்தராசா அண்ணையும் அவர் மனைவி வித்தியா அக்காவும் நாங்களும் சேர்ந்து பீஹாவில் ஒரு வீடு எடுத்திருந்தோம். ஒக்லாந்துக்கு வந்த நாள் முதல் நான் போகும் முதல் விடுமுறைப் பயணம். லீவு நாளென்றால் சம்பளம் ஒன்றரை மடங்கு, அதனால் எல்லா லீவு நாளிலும் நான் வெயர்ஹவுஸில்தான் நிற்பேன். சான்ட்ரிங்ஹாம் தமிழ்க் கடையில் இறைச்சியும் மாவும் வாங்கி வைத்து, பிரசாந்தி ஒரு கிழமையாக இதே கதையாக இருந்தாள்.

காரில் ஏறும்போது கையை நீட்டினாள்.

"உங்கடை போனைத் தாங்கோ. ரெண்டு நாளைக்காவது எங்கடை மனுசனா இருங்கோ."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கொடுத்தேன். அவள் கண் சிவந்திருந்ததைக் கண்டேன். வெங்காயம் வெட்டியிருப்பாள் என்று நினைத்தேன்.

அந்த இரண்டு நாளும் எனக்கு ராச உபசாரம். வித்தியா அக்கா நல்ல துண்டாகப் பார்த்து என் தட்டில் வைத்தார். வாய்க்கு வாய் என்னை நக்கலடிக்கிற ஆனந்தராசா அண்ணை, நான் பந்தைத் தவறவிட்டபோதுகூட, "பரவாயில்லை யசி, பரவாயில்லை" என்றார். பிரசாந்தி சனிக்கிழமையே அவர்களுக்குச் சொல்லிவிட்டாளாம். தெரியாமல் இருந்தது நானும் பதினொரு வயது மகள் சிவானியும்தான்.

ஞாயிறு காலை சிவானி என்னைத் தண்ணீருக்குள் இழுத்தாள். ஒக்டோபர் குளிர் எலும்பைக் கடித்தது. ஒரு அலை வந்து என்னை மல்லாத்தியது. அவள் கைகொட்டிச் சிரித்துத் தன் போனில் படம் எடுத்தாள். கடற்கரையில் போனுக்குச் சிக்னல் இல்லை. பின்னேரம், ஊரில் அப்போது காலைநேரம், மேட்டு வீதிக்கு ஏறிப்போய், "ஷோ அப்பப்பா" என்று எழுதி அதைத் தன் சித்தப்பாவுக்கு அனுப்பியிருக்கிறாள். அப்பப்பா எப்போதும் அவளிடம் படம் கேட்பார்.

திங்கட்கிழமை இரவு வீட்டில் நான் குளித்துச் சாப்பிட்டுக் கை கழுவியதும், கூடவே வந்திருந்த ஆனந்தராசா அண்ணை என் தோளைப் பிடித்தார்.

"மனசைத் திடப்படுத்து, யசி. அப்பா போயிட்டார். நேற்று எடுத்தாச்சு."

நான் மூத்த மகன். அப்பாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன். அவர்கள் போன பிறகு பிரசாந்தியைக் கேட்டேன்.

"தம்பி நான் வரும்வரை அப்பாவை எடுக்காமல் வைச்சிருக்கிறதோ எண்டு கேட்கேல்லையோ?"

"கேட்டவர்."

"என்ன சொன்னனி?"

"'அவருக்குச் சொல்லிப்போட்டன், வேலையிலை விடுறாங்கள் இல்லையாம், வைச்சிருக்க வேண்டாம்' எண்டு சொன்னனான்."

கை ஓங்கிவிட்டேன். அவள் விலகவில்லை.

"அடியுங்கோ. வந்து நாலு வருசம். பிள்ளையை ஒரு நாள் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனீங்களோ? அண்டைக்குச் சொல்லியிருந்தால் நீங்கள் பிளேன் ஏறியிருப்பீங்கள். அவள் இன்னும் நாலு வருசம் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள். நீங்கள் போனாலும் மாமா எழும்பப்போறாரோ?"

இப்படியும் ஒரு வாய் பேசுமா என்று நினைத்துக் கையை இறக்கினேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தம்பிக்கு எடுத்தேன். வாய்விட்டு அழுதேன். அவன் அழவில்லை.

"அப்பாவை நடுவீட்டிலை கிடத்தியிருக்கேக்கை படம் வந்தது, அண்ணை. சின்ன மாமா, பெரியம்மா எல்லாரும் பார்த்தவை. வேலையிலை விடேல்லை எண்டல்லோ அண்ணி சொன்னவ?"

அவன் அதோடு நிறுத்தவில்லை.

"அப்பப்பாவுக்குக் காட்டச் சொல்லி எழுதியிருக்கு. பிள்ளைக்குக்கூடச் சொல்லாமல் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறியள். என்ன நெஞ்சு அண்ணை உங்களுக்கு?"

எனக்குத் தெரியாது என்ற ஒரு சொல் போதும். அதைச் சொன்னால் பிரசாந்தி இனி அந்த ஊர்ப்பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. ஒருவரும் அவள் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். கொஞ்சம் முன்னர் அவளைக் கொன்றுபோடலாம் என்று நினைத்தவன் நான். சுவருக்கு அப்பால் சிவானி எதற்கோ சிரித்தாள். அவளுக்கு இன்னும் எவரும் சொல்லியிருக்கவில்லை.

"முன்னமே எடுத்த வீடு, தம்பி," என்றேன். "விடேலாமல் போச்சு."

போனில் அவனுக்குப் பின்னால் யாரோ தேவாரம் படிப்பது கேட்டது.

"அப்ப, முப்பத்தொண்டாம் நாள் காரியத்துக்கும் வராதையுங்கோ," என்று போனை வைத்தான்.