விட்றாத

என் வேலை எலும்பைப் படம் எடுப்பது. மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் ஜன்னலே இல்லாத ஓர் அறையில், பிறருடைய கையையும் காலையும் தட்டின் மேல் வைத்து "அசையாதீங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பவள் நான். மற்றவர்களுக்கு ஈரத் தரை என்றால் ஈரத் தரை. எனக்கு அது முறிந்த மணிக்கட்டு. இப்படிப்பட்டவள் ஒரு விளையாட்டு ஆசிரியரைக் கட்டிக்கொண்டது யார் செய்த குறும்போ தெரியவில்லை. "உங்கம்மா கண்ணுக்குத் தோலே தெரியாதுடி, நேரா எலும்புதான்" என்று என் வீட்டுக்காரர் மகளிடம் சொல்வார். அவளும் கெக்கெக்கே என்று சிரிப்பாள். அப்பனும் மகளும் ஒரு கட்சி. எதிர்க்கட்சியில் நான் ஒருத்திதான்.

தெருமுனையில் இருக்கும் தொடக்கப் பள்ளியில்தான் அவருக்கு வேலை. கழுத்தில் விசில் தொங்காமல் அவரைப் பார்த்த பிள்ளை கிடையாது. அதனால் 'விசில் சார்'. மகளும் அங்கேதான் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் பாப்பா. பள்ளியில் கொஞ்ச நாளாக அவளுக்கு வேறு பெயர் வந்திருந்தது.

விளையாட்டு விழாவுக்குக் கயிறு இழுக்கும் போட்டியில் அவளைச் சேர்த்திருந்தார்கள். பூசினாற்போல் உடம்பு, காலை ஊன்றினால் பெயர்க்க முடியாது. ஆனால் உள்ளங்கை வியர்க்கும். பரீட்சை என்றாலும் வியர்க்கும், பாட்டு என்றாலும் வியர்க்கும். ஒருநாள் பயிற்சியில் கயிறு அவள் கையிலிருந்து நழுவி, முன்னால் நின்ற பெண்கள் எல்லாரும் குப்புற விழுந்தார்கள். அன்றிலிருந்து 'நழுவல்'. "ஏ நழுவல், பையை எடு, பாத்து, நழுவிடப் போகுது" என்று வாசல்வரை வந்து கத்திவிட்டுப் போனார்கள்.

எனக்குக் கோபம் வந்ததைவிட நிம்மதி வந்ததுதான் உண்மை. இத்தோடு கயிறு வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ, "அப்பா, நான் கடைசி ஆளா நிக்கறேன்" என்றாள். கடைசி ஆள் என்றால் மொத்தக் கயிற்றுக்கும் நங்கூரம்.

அன்று சமையலறையில் நான் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. தோள் நழுவிய கதை, முழங்கை பிசகிய கதை எல்லாவற்றையும் எடுத்து விட்டேன். இவர் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். கடைசியில், "சாக்கு ஓட்டத்துல பண்ணின மாதிரி பண்ண மாட்டேன்னு சொல்லு, அது போதும்" என்றார்.

போன வருஷம் நடந்தது அது. பாப்பா சாக்குக்குள் காலை விட்டுக்கொண்டு குதித்து வந்தபோது, அவள் முன்பற்கள் தரையில் சிதறுவது போல எனக்குத் தோன்றிவிட்டது. கோட்டைத் தாண்டி ஓடி, சாக்கோடு சேர்த்து அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. இவர் ஒரு வாரம் பள்ளியில் தலைநிமிர்ந்து நடக்கவில்லை.

"இந்தத் தடவை யாரா இருந்தாலும், பெத்தவங்க கோட்டைத் தாண்டினா விசில் அடிச்சுடுவேன்" என்றார். "ஆட்டம் முடிஞ்சது, அந்த டீம் தோத்தது. என் பொண்டாட்டின்னு பாக்க மாட்டேன்."

"சரி, தாண்டல" என்றேன். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்காகத்தான் சொன்னேன்.

விழா நாளன்று சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே போட்டிருந்த நாற்காலிகளில் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் பள்ளி கேன்டீனை நடத்தும் அக்கா. அவர் மகளும் பாப்பாவின் அணியில்தான், கயிற்றின் முன்வரிசையில். அக்காவின் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. "இன்னிக்கு நீ எழுந்தா உன் புடவையப் பிடிச்சு இழுத்து உக்கார வெப்பேன்" என்று என்னிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

முதல் சுற்று. இவர் நடுவில் நின்று கையை உயர்த்தி விசில் அடித்தார், கயிறு விறைத்தது. பாப்பா கடைசியில் நின்றிருந்தாள். கயிறு அவளுக்கு அந்தப் பக்கம் இருந்ததால் எனக்கு அவள் முதுகும் தோளும்தான் தெரிந்தன. சுற்றிலும் ஒரே சத்தம். "விட்றாத! விட்றாத!" அக்கா, அப்பாக்கள், மற்ற வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் அதையே கத்தினார்கள். நான் மட்டும் வாய்க்குள்ளேயே "விட்று, விட்று, தோத்தா என்ன குறைஞ்சா போச்சு" என்று முனகிக்கொண்டிருந்தேன். யாருக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கடைசி எழுத்து சத்தத்தில் கரைந்துபோய், நானும் 'விட்றாத' என்றுதான் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

பாப்பாவின் அணி ஜெயித்தது. அவள் கையிலிருந்து கயிறு நழுவவே இல்லை. அக்கா என் முதுகில் ஒன்று வைத்தார். "பாத்தியா? நழுவலாம், நழுவல்! எவ சொன்னா?" எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது, கண் கலங்கிவிட்டது.

இரண்டாம் சுற்றுக்கு அணிகள் இடம் மாறின. பாப்பா இப்போது கயிற்றின் மறுமுனையில் நின்றாள். கயிறும் கையும் எங்கள் பக்கம் வந்துவிட்டன. விசில் அடித்து கயிறு விறைத்த பிறகுதான் பார்த்தேன்.

அவள் இடது மணிக்கட்டில் கயிறு சுற்றியிருந்தது. ஒரு சுற்று அல்ல, இரண்டு.

இதை நான் படமாகப் பார்த்திருக்கிறேன். படகைக் கரையில் கட்டிக்கொண்டிருந்த ஒருவர், பிடி நழுவாமல் இருக்கக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். படகை அலை இழுத்தது. அவரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். விரல்கள் தனியாக ஒரு பையில் வந்தன. சுற்றிய கயிறு இறுகும், அவிழாது. இழுக்க இழுக்க இன்னும் இறுகும்.

"விட்று!" என்று அலறினேன். "பாப்பா, விட்று!"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊரே 'விட்றாத' என்கிறது, அம்மாவும் அதையே சொல்கிறாள் என்று நினைத்திருப்பாள். முகம் சிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு குதிகாலை இன்னும் ஆழமாக ஊன்றினாள். இன்னும் உரக்கக் கத்த மூச்சை இழுத்தேன். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது.

நான் கத்துவது அவளுக்குக் கேட்காது. அவளுக்கு முன்னால் நிற்கும் பெண்களுக்குக் கேட்டுவிட்டால்? அவர்கள் கயிற்றை விட்டுவிடுவார்கள். அவர்களால் விட முடியும். அவளால் முடியாது. அப்புறம் எதிர் அணியின் மொத்த இழுப்பும் என் பிள்ளையின் ஒரு மணிக்கட்டில் வந்து விழும்.

"விட்றாதீங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். "யாரும் விட்றாதீங்க! நல்லாப் பிடிங்க!"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்படிப் போடு! இப்பதான்டி உனக்கு ரோஷம் வந்திருக்கு!"

அக்காவுக்கு விளக்க நேரமில்லை. முன்னால் நின்ற பெண் ஒருத்தி வழுக்கினாள், கயிறு ஒரு முழம் அந்தப் பக்கம் போனது. பாப்பாவின் கை அதோடு போனது, தோள் போனது, உடம்பு பின்னால் தங்கியது. அவள் கத்தினாள். சந்தோஷத்தில் கத்துகிறாள் என்று எல்லாரும் கைதட்டினார்கள்.

கோட்டைத் தாண்டினேன்.

தாண்டிய பிறகுதான் இவர் ஞாபகம் வந்தது. நடுவில் நின்றவர் என்னைப் பார்த்துவிட்டார். முகத்தில் ஒரு சலிப்பு. சாக்கு ஓட்டம் மறுபடியும் வந்துவிட்டது என்று நினைத்திருப்பார், பாவம். விசிலை உதட்டில் வைத்தார். ஆட்டம் நடக்கும்போது விசில் கேட்டதும் சூடு பட்டதுபோல் கயிற்றை விட வேண்டும் என்று மாதக்கணக்கில் பிள்ளைகளைப் பழக்கியவரே அவர்தான். இரண்டு அணியும் ஒரே நொடியில் விடும் என்று யார் சொல்ல முடியும்? இந்தப் பக்கம் ஒரு இமைப்பொழுது முந்திக்கொண்டால் போதும்.

"ஊதாதீங்க!" என்று ஓடிக்கொண்டே கத்தினேன். அவர் கன்னம் உப்பியது. "கையில சுத்தியிருக்கா! அவ கையில சுத்தியிருக்கா, ஊதாதீங்க!"

என் பேச்சை எத்தனையோ தடவை காதில் வாங்காதவர் அவர். வாங்காததற்கு அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. மழை வரும் என்பேன், வெயில் அடிக்கும். காய்ச்சல் என்பேன், தொட்டுப் பார்த்தால் ஒன்றுமிருக்காது. ஆனால் அன்று அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு அவள் கையைப் பார்த்தார். விசிலைத் துப்பினார்.

நான் பாப்பாவுக்கு முன்னால் புகுந்து கயிற்றைப் பிடித்து என் மொத்த எடையோடும் பின்னால் சாய்ந்தேன். செருப்பு வழுக்கியது, உதறினேன். கயிறு அசையவில்லை. எட்டு வயதுப் பிள்ளைகள் சேர்ந்து இழுத்தால் இவ்வளவு பலமா என்று பயமாக இருந்தது. என் முதுகுக்குப் பின்னால் அவள் "அம்மா, போ! கோட்டுக்கு வெளிய போ!" என்று அழுதாள்.

இவர் எதிர் அணியிடம் ஓடினார். "இழுக்காதீங்க! ஆனா விடவும் கூடாது! பிடிச்சபடியே என்னப் பாத்து நடந்து வாங்க! மெதுவா, ஒவ்வொரு அடியா, வாங்க கண்ணுகளா!" குரல் உடைந்திருந்தது. பிள்ளைகள் குழம்பிப் போனார்கள். ஆனாலும் அது விசில் சாரின் குரல். கயிற்றைப் பிடித்தபடியே நடந்து வந்தார்கள். என் கையில் கயிறு தளர்ந்தது, தொய்ந்தது.

திரும்பிச் சுற்றை அவிழ்த்தேன். ஒன்று. இன்னொன்று. அவள் கை சுண்ணாம்பு நிறத்தில் இருந்தது. மணிக்கட்டில் கயிற்றின் முறுக்கு அப்படியே பதிந்திருந்தது. "விரலை ஆட்டு" என்றேன். ஆட்டவில்லை. "ஆட்டு பாப்பா, ஆட்டுடி." கட்டை விரல் அசைந்தது. அப்புறம் மற்றவை. சுண்டு விரல் மட்டும் வெகுநேரம் அவளுக்குச் சொந்தமில்லாத ஏதோ போலக் கிடந்தது. பிறகு அதிலும் ரத்தம் ஏறியது.

இவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஊதியிருப்பேன்" என்றார். "ஊதியிருப்பேன்டி."

அதற்குள் ஆட்டம் செல்லாது என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்கள். பாப்பாவின் அணிப் பெண்கள் ஓவென்று அழுதார்கள். "உங்கம்மா வந்து கெடுத்துட்டாங்க" என்றாள் ஒருத்தி. கேன்டீன் அக்கா வந்து பாப்பாவின் மணிக்கட்டைப் பார்த்தார், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். அந்தக் குரல் அடங்கி நான் பார்த்தது அன்றுதான்.

பாப்பாவை நேராக என் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னேன். அவர் நடுங்குவதை அவள் பார்க்க வேண்டாம் என்றுதான். அவளை உயரமான மேசையில் உட்காரவைத்து, கையைத் தட்டின் மேல் விரித்து வைத்தேன். எத்தனையோ கைகளை வைத்த தட்டு. படத்தில் எலும்பு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. இரண்டு தடவை பார்த்தேன்.

பிறகு கேட்டேன். "ஏன் சுத்தினே?"

"நழுவக்கூடாதுன்னு."

"சுத்தினா என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியுமே. படகு மாமா கதை சொல்லியிருக்கியே."

எனக்குப் புரியவில்லை. "தெரிஞ்சுமா சுத்தினே?"

"நீ எல்லாத்துக்கும்தான் அப்படிச் சொல்லுவே" என்றாள். சண்டைக்கு நிற்கும் குரல் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். "பென்சிலுக்குக்கூட ஒரு கதை வெச்சிருக்கே. ஒண்ணுமே ஆகல. இதுவும் அப்படித்தான்னு நெனச்சேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மொதல்ல நீ பாக்க முடியாத பக்கமா நின்னேன். இடம் மாத்துவாங்கன்னு மறந்துட்டேன்" என்றாள்.

மைதானத்தில் வந்த பயம் அங்கேயே முடிந்துவிட்டது. இது வேறு. என் பிள்ளை இன்னும் எத்தனை இடத்தில் எனக்கு முதுகைக் காட்டி நின்றிருக்கிறாள், இனி எத்தனை இடத்தில் நிற்பாள் என்று எண்ணிப் பார்த்தேன்.

"நிஜமாவே ஆபத்துன்னா, நான் எப்படிச் சொன்னா நம்புவே?" என்று கேட்டேன். கெஞ்சலாகத்தான் கேட்டேன்.

அவள் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே யோசித்தாள்.

"மத்ததுக்கெல்லாம் சொல்லாம இரு" என்றாள்.

வெளியே இவர் இருமும் சத்தம் கேட்டது. "அப்பாகிட்ட போறேன்" என்று மேசையின் விளிம்புக்கு நகர்ந்தாள். ஏறி இறங்கப் படி இருக்கிறது, அது மறுபக்கம் இருந்தது. தரை அப்போதுதான் துடைத்த ஈரத் தரை. அவள் கால்களைத் தொங்கவிட்டு, குதிக்கப் போகிறவளாய் என் முகத்தைப் பார்த்தாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் நின்றேன்.